பூவாடைக்காரிக்கு ஒரு நகல்

மறுபடியும் செம்பு சாய்ந்தது. தண்ணீர் நெல்லுக்குள் இறங்கி, செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் ஓடியது. பம்பைக்காரர் தர்மன் அடியை நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். கரையில் சனம் கூடி நின்றது. வைகாசி வெயில் இறங்கியும் அனல் இறங்கவில்லை. முந்திரிக்காட்டுப் பக்கம் கொட்டை சுடுகிற புகை, எண்ணெய்க் காறலோடு வந்து கண்ணைக் கரித்தது.

அந்தப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு உறவுமுறைக்கு இல்லை. தாலியோடு செத்துப்போன ஒருத்தி வீட்டுக்கு வீடு இருப்பாள். அவளைப் பூவாடைக்காரி என்பார்கள். ஏரிக்கரைக்குப் போய் நெல்லைக் குவித்து, குவியலில் கத்தியைப் பதித்து, அதன் விளிம்பில் தண்ணீர்ச் செம்பை வைத்து, புதுச்சேலையும் பூவும் படைத்து, பம்பை அடித்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவள் வந்துவிட்டால், பிடித்த கையை எடுத்த பிறகும் செம்பு நிற்கும். உத்தரவு ஆயிற்று என்று அர்த்தம். நிற்கவில்லை என்றால் அந்த வீட்டில் பந்தற்கால் ஊன்ற ஆள் வரமாட்டான்.

நல்லுசாமி வீட்டுப் பூவாடைக்காரி பேர் பூங்காவனம். அவருடைய அப்பா வீரமுத்துவுக்கு மூத்த சம்சாரம். அவள் போன பிறகு இரண்டாந்தாரமாக வந்தவளுக்குத்தான் நல்லுசாமி பிறந்தார், வெகுகாலம் கழித்துக் கடைக்குட்டியாகச் சின்னதுரை பிறந்தான். வீரமுத்துவின் அந்த இரண்டாவது கல்யாணத்திலிருந்து, இரண்டு வருஷத்துக்கு முன் நடந்த சின்னதுரை கல்யாணம் வரைக்கும், பூங்காவனம் முதல் கூப்பாட்டுக்கே வந்து நின்றவள். இப்போது நல்லுசாமியின் மகள் செல்வம்மாளுக்குக் கல்யாணம். வரமாட்டேன் என்கிறாள்.

"என்ன தர்மா?" என்றார் நல்லுசாமி.

"எனக்குத் தெரிஞ்ச அடி அத்தனையும் அடிச்சிட்டேங்க. எங்கப்பன் அடிச்ச காலத்துலேருந்து பாக்கறேன், எதிர்க்கரை இப்படி வெறிச்சுனு கெடந்தது இல்ல."

"எதிர்க்கரையில என்ன?"

"அந்தப் பனைக்கு அந்தால ஆளு வந்து நிக்கறாப்ல ஒரு இது இருக்குங்க. பாக்கக் கூடாதுன்னு எங்கப்பன் சொல்லும். நானும் பாத்தது இல்ல. ஆனா நிக்கறது தெரியும். இன்னிக்கு இல்ல."

மாப்பிள்ளையின் தகப்பனார் அமிர்தலிங்கம், குன்னத்துக்கு அந்தப் பக்கம் மருதங்காட்டிலிருந்து கட்டைவண்டி கட்டிக்கொண்டு வந்தவர், வேப்பமரத்தடியில் குந்தியிருந்தார். வந்ததிலிருந்து பரியாசமும் சிரிப்புமாக இருந்த மனுஷன், பம்பைக்காரர் 'பூங்காவனம்' என்று பேரெடுத்துக் கூப்பிட்டதும் வெற்றிலை மடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இப்போது எழுந்து வந்தார்.

"சம்பந்தி, கேக்கறனேன்னு கோவிச்சுக்கக் கூடாது. இந்தம்மா எங்க செத்தாங்க?"

பதிலை நல்லுசாமியின் அத்தை அம்மாக்கண்ணு சொன்னாள். வீரமுத்துவின் தங்கை. பூங்காவனத்தை உயிரோடு பார்த்தவர்களில் மிச்சம் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

"வாந்திபேதி வந்த சோபகிருது வருசங்க. எங்க அண்ணிக்குப் பொறந்த வூடு உங்க குன்னத்துப் பக்கந்தான். அங்க ஒரு வைத்தியர் இருக்காருன்னு வண்டியில போட்டு அனுப்பினாங்க. வழியிலேயே உசுரு போயிட்டுது, புளியமரத்தடியில அடக்கம் பண்ணிட்டேன்னு வண்டிக்காரன் சாமிக்கண்ணு வந்து நின்னான்."

"அடக்கம் பண்ணினத வேற யாரு பாத்தா?"

"வாந்திபேதிக்கு எவன் தொணைக்கு நிப்பான்? நல்லா கேட்டீங்க."

அமிர்தலிங்கம் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்தார். பிறகு பழைய பரியாசத்தை எங்கிருந்தோ இழுத்து முகத்தில் மாட்டிக்கொண்டார்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க. தாலுகா ஆபீசுல இவங்க செத்ததுக்கு நகல் ஒண்ணு எடுத்தாந்துடுங்க."

"சாமிக்கு நகலா?" என்றாள் நல்லுசாமியின் மனைவி ஜானகி.

"என்னம்மா பண்றது? யுத்தம் முடிஞ்சும் மண்ணெண்ணெய்க்குச் சீட்டு, சீலைக்குச் சீட்டு, சக்கரைக்குச் சீட்டு. உசுரோட இருக்கறவனுக்கே சீட்டு இல்லாட்டி சோறு இல்ல. செத்தவங்களுக்கு மட்டும் சீட்டு இல்லாம இருக்குமா?"

"எங்க வூட்டு சாமிய நாங்க கும்புடறதுக்கு உங்களுக்கு எதுக்கு ரசீது?" என்று சின்னதுரை துள்ளினான்.

"நீ சும்மாயிரு மாப்ள. நகலக் கொண்டாரட்டும். அதைப் பாத்துட்டுத்தான் நான் தாலிக்குப் பொன்னு உருக்கக் குடுப்பேன்." சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போயே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் செல்வம்மாள் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். முந்திரிப்பால் பட்டுத் தோல் உரிந்த விரல்களில் சாம்பலைத் தடவிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"அப்பா, எல்லார் கல்யாணத்துக்கும் வந்தவங்க. என்னைய மட்டும் புடிக்கலியா அவங்களுக்கு?"

நல்லுசாமி உடைத்த பருப்பை முறத்தில் அள்ளினார். இந்தப் பேச்சு வெளியே வந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பூவாடை ஒதுக்கிய பெண் என்று ஒரு சொல் விழுந்தால் போதும், இந்த மருதங்காட்டு இடம் மட்டுமல்ல, எந்த இடமும் வராது. மறுநாள் காலையில் கம்பங்கூழைக் குடித்துவிட்டு, துண்டில் நாலு அவித்த கிழங்கை முடிந்துகொண்டு உடையார்பாளையத்துக்கு நடந்தார்.

ஆபீசில் இருந்த குமாஸ்தா பழைய ஜனன மரணக் கட்டைத் தேடி எடுத்து, தூசி தட்டி, வரிசையாக வாசித்தார். நல்லுசாமி எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். அந்த வருஷத்து மாசி மாதத்தில் அவருடைய தெருவே செத்திருந்தது. மேலண்டை வீட்டுக்காரர், அவருடைய மகன், எதிர்வீட்டு ஆறுமுகம் பெண்சாதி, அவள் கைக்குழந்தை. குமாஸ்தா வாசிக்க வாசிக்க, அந்தந்த வீட்டு வாசலுக்குள் ஆள் போவது போல் இருந்தது அவருக்கு. தன் வீட்டு வாசல் வரும் வரும் என்று பார்த்தார். வரவில்லை.

"உங்க வூட்டுல யாரும் சாகலையே அய்யா" என்றார் குமாஸ்தா, ஏதோ நல்ல சேதி சொல்வது போல. "வெளியூர்ல செத்தா அந்த ஊர்க் கணக்குலதான் எழுதுவாங்க. குன்னத்துப் பக்கம்னா பெரம்பலூரு. அங்க போய்ப் பாருங்க."

அரியலூரில் ஒரு ராத்திரி சத்திரத்தில் படுத்து, விடிந்ததும் கரி பஸ் பிடித்தார். பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் கரியடுப்பு ஒன்றைக் கட்டி, ஆள் நின்று சக்கரம் சுற்றி அனல் ஏற்றினால்தான் வண்டி நகரும். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ளவேண்டும். அப்படித் தள்ளித் தள்ளிப் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தபோது செம்மண் எப்போதோ முடிந்து கரிசல் ஆரம்பித்திருந்தது.

பெரம்பலூர் ஆபீசில் ரிக்கார்டு பார்த்தவர் பேர் சிவசுப்பிரமணியன். நல்ல மாதிரி. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். சோபகிருது வருஷத்துக் கட்டு கறையான் அரித்துப்போய் இருந்தது. மிச்சம் இருந்ததை ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்தார். காலை முழுக்க அதிலேயே போயிற்று.

"இல்லீங்களே. யாருன்னு சொன்னீங்க?"

"பூங்காவனம், சார். எங்கப்பாரு வீரமுத்துவுக்கு மூத்த சம்சாரம்."

சிவசுப்பிரமணியன் பேனாவைக் கீழே வைத்தார். "இலுப்பைக்குறிச்சி வீரமுத்துவா?"

"ஊரு பேர நான் இன்னும் சொல்லலியே, சார்."

"நீங்க சொல்லல. நான் எழுதியிருக்கேன்." அவர் எழுந்து, பழைய கட்டுகள் இருந்த அலமாரிக்குப் போகவில்லை. தன் மேஜை மேலேயே கிடந்த இந்த வருஷத்துக் காகிதங்களைப் புரட்டினார். "கிராமத்துலேருந்து வர்ற கணக்குல பொம்பளைங்க பேரே இருக்காதுங்க. இன்னார் பெண்சாதி, இன்னார் தாயார், அவ்வளவுதான். இது ஒண்ணுதான் பேரோட வந்துது. அதனால மனசுல நின்னுது. இந்தாங்க, பங்குனி மாசம்."

விரலை வைத்து வாசித்தார். மருதங்காடு. பெண். பூங்காவனம், இலுப்பைக்குறிச்சி வீரமுத்து சம்சாரம். விதவை. வயது அறுபதுக்கு மேல். காரணம் முதுமை. தகவல் கொடுத்தவர் அமிர்தலிங்கம்.

"எந்த வருசத்துப் பங்குனி, சார்?"

"போன பங்குனிங்க. இப்பத்தான், ரெண்டு மாசம் முன்ன."

நல்லுசாமி காகிதத்தைப் பார்த்தபடி இருந்தார். அவருடைய கல்யாணத்தன்றைக்கு அவரும் ஜானகியும் ஈர மண்ணில் நெற்றி பட விழுந்து கும்பிட்டார்கள். எழுந்தபோது செம்பு கத்தி மேல் ஆணி அடித்த மாதிரி நின்றது. அன்றைக்கு இந்தப் பூங்காவனம் குன்னத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ உயிரோடு இருந்து, சோறு தின்று, தூங்கி எழுந்துகொண்டிருந்தாள். அப்படியானால் இத்தனை வருஷமாகக் கூப்பிட்ட குரலுக்கு ஏரிக்கரைக்கு வந்தது யார்?

"தப்பா எழுதியிருக்கலாமா, சார்?"

"தப்பு வரும். உசுரோட இருக்கறவனைச் செத்தவன்னு எழுதிட்டு, அவனே வந்து சண்டை போட்டிருக்கான். ஆனா செத்தவங்க நாப்பது வருசம் இருந்துட்டுச் செத்தாங்கன்னு கேட்டு நீங்கதான் வந்திருக்கீங்க. நகல் வேணுமா?"

"குடுங்க" என்றார் நல்லுசாமி.

மருதங்காட்டில் கிணற்றுப் பாசன வெங்காயம் பிடுங்கிக் களத்தில் குவித்திருந்தார்கள். ஊரே அந்த வாசத்தில் கிடந்தது. அமிர்தலிங்கத்தின் மனைவி சாந்தா களத்து நிழலில் உட்கார்ந்து தாளும் வேரும் கிள்ளிக்கொண்டிருந்தாள். அமிர்தலிங்கம், வருகிற ஆளின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வாங்க சம்பந்தி. சாந்தா, மோரு கொண்டா."

"தகவல் குடுத்தது நீங்கன்னு போட்டிருக்கு."

"நாந்தான் குடுத்தேன்."

"கரையிலேயே சொல்லியிருக்கலாமே. நாயா அலைஞ்சிட்டு வரேன்."

"எப்படிச் சொல்றது? உங்க சனம் அத்தனையும் கும்புட்டு நிக்குது. 'நீங்க கும்புடற சாமி எங்க வூட்டுல வெங்காயம் கிள்ளிக்கிட்டு இருந்துச்சு'ன்னு சொல்லவா? உங்க தம்பி என் குடுமியப் புடிச்சிருக்க மாட்டான்? காயிதமே சொல்லட்டும்னு விட்டேன். எனக்கும் அன்னிக்குத்தான் புரிஞ்சுது, சம்பந்தி. வீரமுத்து தள்ளி வச்ச பொம்பளைன்னு நெனச்சிருந்தேன். சாமியாக்கி வச்சிருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மோரைக் கொடுத்துவிட்டுச் சாந்தா வெங்காயத்தின் எதிரே மறுபடியும் உட்கார்ந்தாள். சொல்லவேண்டியதை அவள்தான் சொன்னாள். கை கிள்ளிக்கொண்டே இருந்தது.

"எங்க மாமனாரு காலத்துல ரோட்டோரத்துப் புளியமரத்தடியில கெடந்தாளாம். உசுரு போயிட்டுதுன்னு நெனச்சு வண்டிக்காரன் உருட்டிட்டுப் போயிட்டான். இவங்க நீராகாரம் ஊத்திக் காப்பாத்தியிருக்காங்க. பேரு கேட்டா சொல்லலை. ஊரு கேட்டா சொல்லலை. வந்தவ, வந்தவன்னே கூப்பிட்டு அதுவே பேராப் போயிட்டுது. சாவறதுக்கு மொத நாளுதான் வாயத் தொறந்து எல்லாம் சொன்னா. புருசன் பேரக்கூட அன்னிக்குத்தான் சொன்னா. பேரையும் ஊரையும் மட்டுந்தான் நான் இவருகிட்ட சொன்னேன், மிச்சத்த இவரு உங்க ஏரிக்கரையிலேருந்து திரும்பி வந்த அன்னிக்குத்தான் சொன்னேன்."

"ஒடம்பு தேறினதும் எங்க வூட்டுக்கு வந்திருக்கலாமே?"

"வந்தாளே. நடக்கற தெம்பு வந்ததும் கெளம்பி நடந்தாளாம். உங்க ஊரு ஏரிக்கிட்ட போறப்ப பம்பைச் சத்தம். யாரோ அவ பேரச் சொல்லி வா வான்னு கூப்புடறாங்க. நம்மளத்தான் தேடறாங்கன்னு ஓடினாளாம். பனைமரத்தண்ட போய்ப் பாத்தா, எதிர்க்கரையில சனம் பூராவும் தரையில விழுந்து கெடக்கு. அவ புருசன் புதுப்பொண்டாட்டியோட விழுந்து கெடக்கறாரு. அவ சீலை ஒண்ணு, கல்யாணத்துக்கு எடுத்த பச்சைச் சீலை, பூப்போட்டு வச்சிருக்கு."

சாந்தா ஒரு பிடி வெங்காயத்தைக் கூடையில் போட்டாள்.

"'நான் செத்துட்டேன்னு அப்பத்தாண்டி எனக்குத் தெரிஞ்சுது' அப்படின்னா எங்கிட்ட. 'உசுரோட இருக்கேன்னு சொன்னா அந்தப் பொண்ணு கழுத்துத் தாலி என்னாவறது? கூப்புட்டாங்க, வந்தேன், நல்லாயிருன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன்.' அதுலேருந்து உங்க வூட்டுல கல்யாணம்னா எப்படியோ தெரிஞ்சுடும். கூலி வேலைய அப்படியே போட்டுட்டு நடந்து போவா. எங்க போறேன்னா, கூப்புடறாங்கம்பா."

நல்லுசாமிக்கு நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. அப்படியானால் வந்தது அவள்தான். பனைக்கு அந்தால் ஒரு பெண் நின்றாள், உயிரோடு நின்றாள். பயப்பட என்ன இருக்கிறது? அழவேண்டிய சங்கதிதான்.

"கடைசியா எங்க சின்னதுரை கல்யாணத்துக்கு வந்தாங்களா?" என்றார்.

சாந்தாவின் கை அப்போதுதான் நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள். அமிர்தலிங்கம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே இடுப்பு முறிஞ்சு படுத்துட்டாங்க" என்றாள் மெதுவாக. "ஒண்ணுக்கு ரெண்டுக்குக்கூட நாந்தான் எடுத்தேன். அன்னிக்குக் காலையில 'கூப்புடறாங்கடி'ன்னா. நானு 'கெடங்க சும்மா'ன்னேன். அதுக்கப்பறம் கண்ணு தொறந்தபடியே கெடக்கறா, மூச்சு இருக்கா இல்லியான்னு தெரியல, ஒடம்பு கெணத்துக் கல்லு கணக்கா சில்லுனு கெடக்கு. போயிட்டுதுன்னு நெனச்சு ஊருக்குச் சொல்ல ஆளுகூட அனுப்பிட்டோம். பொழுது சாயற நேரம் முழிச்சுக்கிட்டா. காலு வலிக்குதுன்னா. புடிச்சுவிடலாம்னு போர்வைய விலக்கினேன்."

"விலக்கினா?"

"கால் பூரா செம்மண்ணு. ஈரத்தோட. எங்க ஊர்ல செம்மண்ணு ஏதுங்க? வெட்டினா பத்தாளு ஆழத்துக்குக் கரிசல்."

களத்தில் காற்று வந்து வெங்காயச் சருகை உருட்டிக்கொண்டு போயிற்று. 

"உங்க பொண்ண எடுக்கச் சொன்னதே அவதான்" என்றார் அமிர்தலிங்கம். "இலுப்பைக்குறிச்சில நல்லுசாமின்னு ஒருத்தர், அவரு வூட்டுப் பொண்ண என் பேரன் கணக்கா வளந்த உங்க பையனுக்கு எடுங்கன்னு ஒத்தக்கால்ல நின்னா. முந்திரி யாவாரிங்க யாராச்சும் சொல்லிக் கேட்டிருப்பான்னு நெனச்சோம். ஏன்னு கேட்டதுக்கு, 'அவ இங்க வந்துட்டா நான் அவ்வளவு தூரம் நடக்க வேணாம்'னா."

"கொள்ளி யாரு வச்சா?"

"நாந்தான். கூலிக்காரிக்குக் கொள்ளி வச்சேன்னு ஊர்ல சிரிச்சானுங்க. கருமாதி என்னால செய்ய முடியல. சொந்தம் வந்து செய்யணும், இல்ல?"

அவள் கிடந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார் நல்லுசாமி. வெங்காயம் சேர்த்து வைக்கிற பட்டறைக்குப் பக்கத்தில் சின்ன அறை. கயிற்றுக் கட்டில் ஒன்று நிமிர்த்தி வைத்திருந்தது. மூலையில் ஒரு கூடை வெங்காயம், தாளும் வேரும் நீக்கி, ஒன்றுபோல் ஆய்ந்து, பளபளவென்று இருந்தது.

"நேத்து சாயங்காலம் மண்ணோட கொண்டாந்து வச்சது" என்றாள் சாந்தா, வாசற்படிக்கு வெளியே நின்றபடி. "காலையில இப்படி இருக்கும். செத்து ரெண்டு மாசமா இப்படித்தான். இப்பல்லாம் எங்கேயும் போறதில்ல. காத்துக்கிட்டு இருக்கா."

அப்போதுதான் நல்லுசாமிக்குச் செம்பு ஏன் சாய்ந்தது என்று புரிந்தது. அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. செல்வம்மாளைப் பிடிக்காமல் இல்லை. பெண் இங்கேதானே வரப்போகிறாள் என்று இங்கேயே இருக்கிறாள். அந்தக் கூடையைப் பார்த்தார். விளக்கேற்ற இந்த அறைக்குள் செல்வம்மாள் வருவதையும், கதவு அவளுக்குப் பின்னால் மெல்லச் சாத்திக்கொள்வதையும் மனம் தானாகப் பார்த்தது. கல்யாணம் நின்றுவிடுமோ என்று புறப்பட்டு வந்த மனுஷன், நடந்துவிடுமோ என்று நின்றார்.

நகலைக் கிழித்துப் போட்டுவிட்டு, இடம் சரியில்லை என்று ஊரில் சொல்லிவிடலாம். அமிர்தலிங்கமும் மறுக்கமாட்டார் போல இருந்தது. அந்த மனுஷன் முகத்தில் இரண்டு மாதத் தூக்கமின்மை தெரிந்தது. ஆனால் கட்டிலின் கயிற்றில், உடம்பு கிடந்து கிடந்து பள்ளமான இடம் அப்படியே இருந்தது. சின்ன உடம்பு. ஒரு செல்வம்மாள் அளவுதான் இருக்கும்.

"சம்பந்தி" என்றார் நல்லுசாமி. "பொண்ணு குறிச்ச நாளுல உங்க வூட்டுக்கு வரும். ஆனா அதுக்கு முன்ன, இவங்க எங்க வூட்டுக்கு வரணும்."

"எப்படி?"

"இதுவரைக்கும் ஏரிக்கரைக்குத்தான் கூப்புட்டோம். வூட்டுக்குள்ள வான்னு யாரும் கூப்புடலியே."

அமிர்தலிங்கம் உள்ளே போய்ப் புதுப்பானை ஒன்றை எடுத்துவந்தார். கிணற்றில் தண்ணீர் மொண்டு, அதன் வாயில் வேப்பிலை செருகி, சாந்தா பானையை அந்த அறை வாசலில் வைத்தாள். பம்பை இல்லை, சேலை இல்லை. நல்லுசாமிக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. தாயே என்றுதான் எப்போதும் கூப்பிடுவது. அது அவருக்கு இப்போது வாயில் வரவில்லை.

"பெரியம்மா" என்றார். "நான் நல்லுசாமி. வூட்டுக்குப் போவலாம், வாங்க."

எதுவும் நடக்கவில்லை. வெங்காயச் சருகு ஒன்று கூடையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவ்வளவுதான்.

"வழியில எறக்கி வைக்காதீங்க" என்றாள் சாந்தா. "திரும்பிப் பாக்காதீங்க. வூடு போற வரைக்கும் யாருகிட்டயும் பேச்சு வேணாம்."

அமிர்தலிங்கம் தன் வண்டியிலேயே ரோடு வரைக்கும் கொண்டுவிட்டார். ராத்திரி முழுக்க ரோட்டோரத்தில் பானையை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்து, மறுநாள் கரி பஸ்ஸிலும் அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் நல்லுசாமி. வண்டியில் நெருக்கடி. ஓலைப்பெட்டியும் கோழியுமாக ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். அவர் பக்கத்து இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்த ஒரு பெண் உட்கார வந்தாள். வந்தவள் அந்த இடத்தைப் பார்த்தாள். மரியாதையாக ஒதுங்கிக்கொண்டு, ஊர் வரும் வரை நின்றுகொண்டே வந்தாள். மேட்டில் வண்டியைத் தள்ள எல்லாரையும் இறங்கச் சொன்ன கண்டக்டர், நல்லுசாமியை மட்டும் 'நீங்க ரெண்டு பேரும் இருங்க' என்று சொல்லிவிட்டுப் போனான். நல்லுசாமி கேட்கவில்லை. பேசக்கூடாதே.

கடைசி நடைக்குப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரிசல் போய்ச் செம்மண் வந்தது. முந்திரிக்காட்டுக்குள் பழம் அழுகிய இனிப்பு வாசம். தன் கால் சருகில் மிதிபடுகிற சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். நின்றால் இன்னொரு சத்தம் கொஞ்சம் தாமதமாக நிற்பது போல இருந்தது. இடுப்பு முறிந்தவள் நடக்கிற மாதிரி, ஒரு கால் கனமாக. அவர் நடையைக் குறைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் ஜானகியும் சின்னதுரையும் நின்றார்கள். நகல் கிடைத்ததா என்று கேட்க வாயெடுத்த ஜானகி, பானையைப் பார்த்ததும் விலகி வழிவிட்டாள். நல்லுசாமி தலையைக் குனிந்து நிலைப்படியைத் தாண்டினார்.

உள்ளே கூடத்தில் அம்மாக்கண்ணு அத்தை காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. அவள் நிமிர்ந்து மருமகனைப் பார்த்தாள். பிறகு மருமகனுக்குப் பின்னால் பார்த்தாள். நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள்.

"வா அண்ணி" என்றாள், நேற்றைக்குப் பிறந்தவீடு போனவளைப் பார்த்த மாதிரி. "இம்மாந் தூரம் நடந்தா வந்தே? செல்வம், அண்ணிக்குத் தண்ணி கொண்டாடி."

செல்வம்மாள் அடுப்படியிலிருந்து செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள். அத்தை காட்டிய பக்கம், சுவரைப் பார்த்து, இரண்டு கையாலும் நீட்டினாள். நீட்டிய கை அப்படியே இருந்தது. கனம் குறைந்துகொண்டே வருவது மட்டும் அவள் முகத்தில் தெரிந்தது. பயப்படவில்லை. ஆச்சரியமாகத் திரும்பி அத்தையைப் பார்த்தாள்.

"ஏண்டி நிக்கறே?" என்றாள் அம்மாக்கண்ணு. "இன்னொரு செம்பு கொண்டா. நாப்பது வருசத் தாகம்."